பாலாற்றின் இரு முனைகளில் பாம்புகள்

கோலார் தங்கவயலுக்கு நீர் அளித்துவந்த பேத்தமங்கலம் ஏரி, பாலாற்றில் அமைந்தது. அத்தகைய ஏரிகளில் மீனோடு சேர்ந்து வலையில் ஏறும் கட்டமிட்ட பாம்புக்குத் தமிழில் 'தண்ணீர்ப் பாம்பு' என்று பெயர். அச்சொல் பாம்பின் இருப்பிடத்தைச் சுட்டுகிறது; இரையைச் சுட்டவில்லை. நீர்வாழ் பாம்பின் உருவத்தைப் புரிந்துகொள்ள இரையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாம்பு மெல்லுவதில்லை, முழுதாக விழுங்கும். பெரிய இரைக்கு அகன்ற வாய் தேவை. ஆனால் அகன்ற தலை நீருக்குள் பாயும்போது அது தள்ளும் நீரே மீனையும் அப்பால் தள்ளிவிடும். மீனுண்ணும் நன்னீர்ப் பாம்புகள் பலவற்றின் தலை ஒடுங்கியிருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கின்றனர். ஏரிப் பாம்போ தவளையும் தின்னும், கரையேறி முட்டையும் இடும். ஆகவே அதன் வால் உருண்டை, வயிற்றுச் செதில்கள் அகலம். அதற்கு நஞ்சில்லை, எனினும் கடிக்கத் தயங்காததால் அடிபட்டுச் சாகிறது.

348 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றோடு சென்றால் வயலூர் அருகே வங்கக் கடல். அங்குள்ள கடற்பாம்புகளுக்கெல்லாம் வால் துடுப்புப்போலத் தட்டையானது. நீர் கேட்டவற்றுள் அது ஒன்று. மற்ற வேறுபாடுகளில் பெரும்பங்கு இரையினுடையது. ஐட்ரோபிஸ் கிராசிலிஸ் என்ற இனத்தின் தலை மிகச் சிறிது, கழுத்து மெலிது, பின்னுடலோ பல மடங்கு பருமன். மணல் வளைக்குள் தலையை நுழைத்து விலாங்கு வகைகளைப் பிடிப்பதற்கேற்ற உடல் அது. இத்தகைய சிறுதலை கடற்பாம்புகளிடையே ஒருமுறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வியப்பு அதன் வேகத்தில்தான்: பரிணாமக் கணக்கில் அது நேற்று நடந்தது.

ஐட்ரோபிஸ் சிஸ்டோசஸ் இதற்கு நேர்மாறு. முள்ளுடைய கெளுத்தியை விழுங்கும் அதன் கீழ்த்தாடையின் நடுச்செதில் ஒடுங்கிய பிளவாகி, வாய் விரிய இடம் தருகிறது. ஆங்கில நூல்களில் இப்பாம்புக்கு 'வலகாடின்' என்றொரு பெயர் உண்டு. அது தமிழ் வலக்கடியன்தான். வலை, கடியன் என்று பிரித்தால் பொருள் விளங்கும். கெளுத்தி திரியும் ஆழமற்ற சேற்றுக்கடலிலேயே வலைகளும் விழுகின்றன. பாம்பை வலைக்குக் கொண்டுவருவது அதன் இரை. பெயரிட்ட மீனவர் அங்கேதான் அதைக் கண்டிருப்பர்.

சிறுதலைப் பாம்புக்கு வேறு இரைக்கு மாறும் வாய்ப்புக் குறைவு. வளைகள் இருக்கும் கடலடியை இழுவலை கிளறிவிட்டால் அது எங்குப் போகும்? கடற்பாம்பின் இரையைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி வலையில் மாண்டவற்றின் வயிற்றிலிருந்து கிடைத்தது. கடற்கரை வழக்குச் சொற்களைத் திரட்டும் மொழியியல் மாணவர்கள் பாம்பின் பெயரோடு, அது எந்த வலையில் எந்த மீனோடு ஏறியது என்பதையும் கேட்டுக் குறித்துவந்தால், உயிரியலாருக்கு அது தரவாகும்.