மெழுகுக் குடில்

ஸ்கியை நான் விடவில்லை. ஒஸ்லோவில் வேலை முடிந்த மாலைகளில் சொங்ஸ்வான் ஏரிப் பக்கம், மின்விளக்குப் போட்ட தடத்தில் இப்போதும் ஓடுகிறேன். விட்டுவிட்டது போட்டியை. அதிலும் பதக்கம், மேடை என்று நினைத்து ஏங்க எனக்கு அதிகம் கிடைக்கவுமில்லை. நான் ஏங்குவது போட்டி நாள் காலையில் திறக்கும் அந்த மெழுகுக் குடிலுக்கு.

ஸ்கிக்கு மெழுகு எதற்கு என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நோர்வேயில் லாங்ரென் என்று சொல்லும் நெடுந்தூர ஸ்கியில் கிளாசிக் முறை என்று ஒன்று உண்டு. இயந்திரம் பனியில் போட்டுவைத்த இரண்டு பள்ளக் கோடுகளுக்குள் ஓட வேண்டும். ஸ்கி வழுக்கவும் வேண்டும், ஏற்றத்தில் பிடிக்கவும் வேண்டும். ஆகவே இரண்டு மெழுகு. முனைகளில் வழுக்கும் மெழுகை அயனால் உருக்கி, ஆறவிட்டு, சுரண்டி, தூரிகை போட்டுத் துலக்க வேண்டும். காலுக்கு நேர் கீழே ஸ்கி வில்லாக வளைந்து நிற்கும். முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டு உதைத்தால்தான் அந்த இடம் பனியைத் தொடும். அங்கேதான் பிடிமெழுகு. புதுக் குளிர்ப் பனிக்கு நீலக் கட்டி போதும். உருகி மறுபடி உறைந்த பனிக்குக் கிளிஸ்டர் என்ற பசை. பலாப்பழப் பால் மாதிரி, கையில் ஒட்டினால் சவர்க்காரத்துக்கு அசையாது. வெப்பநிலை பூச்சியத்தில் நின்றுகொண்டு ஈரப்பனி விழத் தொடங்கினால் இரண்டுமே உதவாது. அன்றைக்குப் பயிற்றுநர்களோடு கதைக்கப் போகக் கூடாது.

ஜூனியராக இருந்த காலத்தில் பின்லாந்தின் வூக்காத்தி, லாத்தி, எஸ்தோனியாவின் ஒத்தேப்பா என்று பனி இருந்த இடமெல்லாம் போனோம். ஸ்டொக்ஹோமிலிருந்து தாலினுக்கு இரவுக் கப்பல், வான் நிறைய ஸ்கிப் பைகள். ஒத்தேப்பாவின் குன்றுகள் பார்வைக்குச் சின்னவை. ஓடும்போது ஒன்று முடியும் முன்பே அடுத்தது நிற்கும். வூக்காத்தியில் 1997இலிருந்து ஒரு ஸ்கிச் சுரங்கம் இருக்கிறது, கோடையிலும் உள்ளே பனி. ஓகஸ்ட் மாதம் அரைக்காற்சட்டையோடு வந்து, வாசலில் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போவோம்.

எந்த நாடானாலும் போட்டிக் காலை ஒரே மாதிரித்தான். விடியுமுன்பே ஒருவர் பனிக்குள் வெப்பமானியைக் குத்திவைத்துவிட்டு நிற்பார். குடில் என்பது பல இடங்களில் வெறும் கொள்கலன். உள்ளே கோப்பி, அயன் சூடு, தரை முழுக்கச் சுரண்டிய மெழுகுச் சுருள். இடது ஸ்கியில் ஒரு மெழுகு, வலதில் இன்னொன்று பூசிக்கொண்டு ஒருவர் இருட்டில் ஒரு சுற்று ஓடிவிட்டு வருவார். கதவைத் திறந்து ‘வலது’ என்பார். அந்த ஒரு சொல்லுக்காக எல்லோரும் வாய்மூடிக் காத்திருந்திருப்போம்.

தனித்தனிப் புறப்பாட்டில் ஆளுக்காள் 30 செக்கன் இடைவெளி. எதிராளி கண்ணில் படமாட்டாள்; நேரம்தான் எதிராளி. அதனால் ஏற்றங்களில் ஆட்கள் நின்று எத்தனை செக்கன் பின்னுக்கு என்று கத்துவார்கள். அப்பா, பல யாழ்ப்பாணத்து ஆட்களைப் போல, எண்பதுகளில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஸ்கி போடத் தெரியாது. லாத்திக்கு ஒருமுறை வந்து, கடைசி ஏற்றத்தில் கடிகாரத்தோடு நின்றார். சுற்றிவர ‘ஹெய்யா, ஹெய்யா’ என்ற கூச்சல். அதற்குள்ளே ‘மூண்டு செக்கன் பின்னுக்கு, இழு பிள்ளை!’ என்று ஒரு குரல். முகத்தில் எச்சில் உறைந்திருந்ததால் எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

தடத்தின் மிகக் குளிரான இடத்தில் மைனஸ் 20 பாகைக்குக் கீழே போனால் போட்டி நடத்தக்கூடாது என்பது விதி. மைனஸ் 19இல் ஓடியவர்களுக்கு அந்த விதி நல்ல பகிடி.

ஒரு குறை மட்டும் இன்னும் ஆறவில்லை. அப்போது ஜூனியர் பெண்களுக்கு 5 கிலோமீற்றர், ஆண்களுக்கு 10. என் உடம்பு சூடேறும்போது முடிவுக்கோடு வந்துவிடும். 2022-23 பருவத்திலிருந்து உலகக் கோப்பையில் இரு பாலாருக்கும் ஒரே தூரம். 2023 மார்ச்சில் ஹொல்மென்கொல்லனில் பெண்கள் முதல்முறை 50 கிலோமீற்றர் ஓடியபோது நான் பார்வையாளராக நின்றேன். சந்தோசம்தான், பொறாமையும்தான்.

அந்தக் காலக் குடில் இனி இல்லை. அப்போது கடைசிப் பூச்சு ஃபுளோரின் தூள். முகமூடி மாட்டிக்கொண்டு அதைப் பூசுவார்கள், எங்களை வெளியே துரத்திவிடுவார்கள். மெழுகு பூசுவதையே தொழிலாகச் செய்தவர்களின் இரத்தத்தில் அந்த வகை இரசாயனங்கள் மிகுந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. மண்ணிலும் அவை எளிதில் அழிவதில்லை. நோர்வே 2018இல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கு அதை நிறுத்தியது. சர்வதேச ஸ்கிச் சம்மேளனம் 2019இல் தடையை அறிவித்தும், 2023-24 பருவத்தில்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. தடை மிகச் சரி, இன்னும் முந்தி வந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தக் காலத்து வாடைக்கு ஏங்குகிறேன். என்ன செய்வது?

ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். நோர்வேயில் 20 வயது தாண்டிச் சீனியர் ஆனால், கிராமத்துக்கு ஒருத்தி உன்னைவிட வேகமாக இருப்பாள். நாட்டுக்கு இத்தனை பேர்தான் என்று சர்வதேசப் போட்டிகளில் அளவும் உண்டு. வேறு நாட்டில் பிறந்திருந்தால் ஒலிம்பிக்குக்கே போயிருப்பாய் என்று ஆறுதல் சொல்வார்கள். வேறு நாட்டில் பிறந்திருந்தால் ஸ்கியையே கண்டிருக்கமாட்டேன். படிப்பு வந்தது, வேலை வந்தது, முடிந்தது.

இப்போது என் ஸ்கியை நானே மெழுகுகிறேன், வீட்டு நிலவறையில், வானொலியைப் போட்டுக்கொண்டு. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் என் காலுக்குக் கீழே உள்ள பனி எப்படி இருக்கிறது என்று எனக்காக இருட்டில் ஓடிப் பார்க்க ஒருவர் இருந்தார் அல்லவா, அது வளர்ந்தபிறகு யாருக்கும் வாய்ப்பதில்லை.

நோர்வேத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒன்று. பயிற்சிக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு காரைத் திருப்பாதீர்கள். இங்கே கழகங்கள் பெற்றோரின் டுக்னாட்டில், எங்கள் பேச்சில் சிரமதானத்தில், நடப்பவை. குடிலுக்குள் போங்கள், சுரண்டத் தெரியாவிட்டால் முதலில் தூரிகையைத் தருவார்கள். ஸ்கி வாங்க வசதியில்லை என்றால், பூவா என்ற இரவல் நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள்.