தெளிந்த தண்ணீர்

சென்ற ஆண்டு சித்திரையில் எங்கள் வீட்டுக் கொல்லைத் தொட்டியில் பதினான்கு மீன்களில் ஒன்பது இறந்துபோயின. அவற்றைக் கொன்றது ஏதோ நோய் என்றுதான் பல நாள்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொட்டி அப்பாவுக்காகக் கட்டியது. பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போன பிறகு, கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவரை மயிலாடுதுறைக்கு அழைத்துவந்தோம். வயலையும் வாய்க்காலையும் பார்த்தே வாழ்ந்தவர், பின்தாழ்வாரத்தில் நாற்காலியில் அமர்ந்து நாள் முழுக்க மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணப் பொறுக்கவில்லை. ஏழடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரையடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. புதுச் சிமெண்டின் காரம் இறங்க வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைத்து, மூன்று முறை நீரை மாற்றிய பிறகே மீன் விட்டோம். அந்த யோசனை கொத்தனாருடையது. தங்கமீன்கள் எட்டு, கோய் எனப்படும் ஜப்பானிய வண்ணக் கெண்டைகள் ஆறு, ஓரத்தில் ஓர் அல்லிச் சாடி.

ஓராண்டு எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் மட்டும் பச்சையாகிவிட்டது. இரை போடும்போதுதான் மீன்கள் சிவப்பும் வெள்ளையுமாய் மேலே வரும். மற்ற நேரங்களில் தொட்டியில் மீன் இருப்பதே தெரியாது. அப்பாவுக்கு அது குறையாகப் பட்டதில்லை. எனக்குப் பட்டது. வருஷப் பிறப்புக்கு உறவினர்கள் வரவிருந்தார்கள். முந்திய வாரம் மீன்களை வாளிகளுக்கு மாற்றிவிட்டு, தொட்டி நீர் முழுவதையும் இறைத்து, பாசி போகத் தேங்காய் நாரால் தேய்த்தேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வைத்து வெளுக்கும்வரை அலசினேன். மாலைக்குள் குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டாயிற்று. அடித்தரையின் பூச்சு வேலைகூடத் தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் நடத்துகிறவன். தெளிநீரில் கயல் பிறழ்வதைப் பார்க்க ஆசைப்பட்டது தொழில்வழி வந்த கோளாறாகவும் இருக்கலாம்.

மறுநாளே மீன்கள் சுவரில் உடம்பை உராயத் தொடங்கின. நான்காம் நாள் விடியலில் எல்லாம் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் காபியோடு போனபோது, அப்பா இடக்கையால் நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார். காபி தாமதமானதில் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். தம்ளரை அவர் வாங்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. "என்னப்பா வேணும்?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். பேச்சு போனவர்களிடம் ஏனோ நாம் உரக்கப் பேசுகிறோம். அவர்களுக்குக் காது கேட்காது என்பதுபோல.

வண்ணமீன் கடையில் மெத்திலீன் நீலம் கொடுத்தார்கள். தொட்டி நீலமாயிற்று, இரண்டு மீன்கள் செத்தன. பிறகு ஏதோ ஆன்டிபயாட்டிக் பொடி, மேலும் மூன்று. அதற்குள் மிஞ்சியவற்றின் துடுப்பிலும் உடம்பிலும் உப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் வந்துவிட்டன. இணையத்தில் படித்து, அதற்கும் ஒரு மருந்து வாங்கினேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு புதுமருந்து என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதாவது மீனைக் கொய்யா மரத்தடியில் புதைத்த அன்று, எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் ஆய்வுக்கூட உதவியாளரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருப்பவர். மீன்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. சிறு குப்பியில் நீரை மொண்டு சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக நிற்கவேண்டியது பச்சையானது.

"பஞ்ச எதுல கழுவுனீங்க சார்?"

"குழாய்லதான். நல்லாவே கழுவினேன்."

"அதான் சார்."

மீன் தன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தொட்டியில் அது தேங்கினால் மீனுக்கே நஞ்சு. பஞ்சிலும் சுவர்ப்பாசியிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சுதான். வேறுவகை பாக்டீரியாக்கள் அதை, பெரிதாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக்குகின்றன. மண்ணில் நடக்கும் இதே வேலையை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் கண்டுசொன்னார். ஒரு புதிய தொட்டியில் இந்தக் குடித்தனம் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். ஓராண்டாக அங்கே குடியிருந்தவற்றை ஒரே பிற்பகலில் நாராலும் குளோரினாலும் அழித்திருந்தேன். குளோரின் செவுளையும் அரிக்கும். தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய கொஞ்ச பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாட்டிக் பொடி போட்டேன். அம்மோனியாவுக்கு நிறமில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தொட்டி அதன் வாழ்நாளிலேயே மிகத் தெளிவாக இருந்த வாரத்தில்தான் மிக நச்சாகவும் இருந்திருக்கிறது.

வெண்புள்ளி உண்மையான நோய்தான். ஆனால் அது பலவீனம் கண்டு நுழைந்த ஒட்டுண்ணி. தோலுக்கடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து உதிர்ந்து, அடித்தரையில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அவை வேறு மீன் தேடி நீந்தும் ஓரிரு நாள்களில்தான் கொல்லமுடியும். ஒரு நாள் மருந்து போட்டுவிட்டுப் புள்ளி போகவில்லையே என்று மருந்தை மாற்றியது என் அவசரம்.

இதையெல்லாம் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடி கைப்பிடியை அடிக்கத் தொடங்கினார். நான் எழுந்தேன். உதவியாளர் என் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரியவரு தண்ணிய அடிக்கச் சொல்றாரு சார்."

அப்பா கையை நிறுத்தினார்.

எங்கள் ஊர்க் குளத்தின் மீன்பாசிக் குத்தகையை அப்பா பல ஆண்டுகள் எடுத்திருக்கிறார். கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்ப்பார். மீன் வாய் பிளந்து மேலே வரும் விடியல்களில், ஆள்களோடு இறங்கி மூங்கில் கழியால் தண்ணீரை அடிப்பார்கள். காற்று கலக்கட்டும் என்று. நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். என் முதுகலைப் படிப்புக்கான பணத்தில் ஒரு பங்கு அந்தக் குளத்திலிருந்து வந்தது. அந்தப் படிப்பில் கெண்டை, வரால், வாளை, அயிரை, ஆரல் என்று பாட்டுக்குப் பாட்டு மீன் பெயர்களைக் கற்றேன். இன்றும் தடுமாறாமல் சொல்வேன். அப்பாவின் கை என்ன சொல்கிறது என்று வேறொருவர் வந்து எனக்குப் பதவுரை சொல்லவேண்டியிருந்தது.

இரையை நிறுத்தினோம். நாள்தோறும் கால்வாசி நீரை மட்டும் மாற்றினோம். ஒரு நாள் முழுக்க அண்டாக்களில் திறந்து வைத்து குளோரின் போன தண்ணீர். ஏறக்குறைய 2,400 லிட்டருக்கு லிட்டருக்கு 3 கிராம் வீதம் ஏழு கிலோ கல்லுப்பை மூன்று நாள்களில் பிரித்துக் கரைத்தோம். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதை உப்பின் குளோரைடு மறிக்கிறது; ஒட்டுண்ணிக்கும் அது ஆகாது. உப்பு ஆவியாகாது, மாற்றிய நீருக்கு மட்டுமே புதிதாகப் போடவேண்டும் என்று உதவியாளர் இருமுறை எச்சரித்தார். அல்லிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாததால் சாடியை வெளியே எடுத்துவைத்தேன். ஆய்வுக்கூடத் தொட்டியின் வடிகட்டியிலிருந்து அழுக்கேறிய ஒரு பஞ்சைக் கொண்டுவந்து எங்கள் பஞ்சோடு வைத்தார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பழுப்பு நீர் சிந்தாமல் பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்தான்.

ஐந்து மீன்கள் பிழைத்தன. ஆடிக்குள் தண்ணீர் மறுபடி பச்சையாயிற்று. இப்போது பஞ்சைத் தொட்டி நீரிலேயே பிழிகிறேன், அதுவும் மாதம் ஒருமுறை.

பாசி மிகுந்த நீருக்கும் தன் சிக்கல் உண்டு. பகலெல்லாம் வெயிலில் உயிர்வளி தரும் பாசி இரவெல்லாம் அதை உண்ணும். மேகமூட்டமான நாள்களில் வரவு குறைந்து செலவு அப்படியே இருக்கும். ஐப்பசியில் மூன்று நாள்கள் அடைமழை மூட்டம். நான்காம் நாள் விடியுமுன் பின்தாழ்வாரத்திலிருந்து கைப்பிடி அடிக்கும் சத்தம் கேட்டது. மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நின்றிருந்தது. ஐந்து மீன்களும் மேலே. வாளியில் மொண்டு, தோளுயரத்துக்குத் தூக்கி ஊற்றத் தொடங்கினேன். மொண்டு ஊற்றி, மொண்டு ஊற்றி, கை கடுத்தது. கால் மணி நேரத்துக்குப் பின் ஒன்றிரண்டு கீழே இறங்கின. அப்பா இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். இப்போது மெதுவாக, நான் ஊற்றும் தாளத்தில். நான் நிறுத்தவில்லை.