மூன்றே அரைக்கால் அங்குலம்

இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ் கம்பெனியின் வரைபடத்தை வாங்கி ஃபோர்டு கம்பெனியும் ஜீப் செய்தது. எந்தப் பாகமும் எந்த வண்டியிலும் பொருந்த வேண்டும் என்பது அமெரிக்க ராணுவத்தின் நிபந்தனை. ஃபோர்டு அதற்குத் தலையாட்டியது. ஆனாலும் தன் ஆலையில் செய்த பாகங்களில், போல்ட் தலைவரைக்கும், 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்துத்தான் அனுப்பியது. ஆரணியில் ஒரு பட்டறை மேசைமேல் பிரித்துக் கிடந்த இன்ஜினில் அந்த எழுத்து போட்ட போல்ட்டுகள் ஏழெட்டு இருந்தன. பிளாக்கில் வெட்டியிருந்த எண்ணோ 'எம்பி' என்று தொடங்கியது, அது வில்லிஸ். வாட்டர் பம்ப் மஹிந்திரா. தெர்மோஸ்டாட் மூடியை யாரோ உள்ளூரிலேயே வார்த்திருக்கிறார்கள், மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே தெரிந்தது.

"இது ஒரு ஊர்ல பொறந்த இன்ஜின் இல்ல சார்" என்றார் மேஸ்திரி. "ஆனா எல்லாம் ஒரே அளவு. அதனாலதான் இன்னும் இருக்குது."

ஆரணி என்றால் பட்டு. கமண்டல நாகநதிக் கரையில் கோட்டை, நெல் மண்டி, அரிசி ஆலை எல்லாம் இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்கு ஆரணி என்றதும் சேலைதான் நினைவுக்கு வரும். பட்டறைக்குப் போகும் தெருவிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜக்கார்டு பெட்டி தூக்கி இறக்கும் அந்த 'கடக்' ஓசைக்கு நடுவில் ஒரு மோட்டார் பட்டறை என்பது முதலில் ஒட்டாத காட்சியாகத்தான் பட்டது. ஆனால் தறிக்குக் கொக்கியும் ஊசியும், அரிசி ஆலைக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற லேத்துக்காரர்கள் இல்லாமல் எந்தப் பழைய வண்டியும் ஓடாது. அந்த விதத்தில் இந்த ஊர் தோதான ஊர்தான்.

இன்ஜின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கோ டெவில்' என்று பெயர். நாலு சிலிண்டர், 2.2 லிட்டர், பெட்ரோல், 60 குதிரைத்திறன். வால்வுகள் எல்லாம் தலையில் இல்லாமல் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். ஹெட் என்பது வெறும் மூடி, கழற்றினால் ஒரு தோசைக்கல் கனத்துக்கு வரும். சிலிண்டரின் விட்டம் மூன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 79.375 மில்லிமீட்டர். அழுத்த விகிதம் 6.48. இன்றைய பெட்ரோல் வண்டியில் இது பத்துக்குப் பக்கம். அவ்வளவு குறைந்த அழுத்தம் என்பதால், போர்க்காலத்து மட்டமான பெட்ரோலையும் முகம் சுளிக்காமல் குடித்து ஓடியது. வில்லிஸும் ஃபோர்டுமாக ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் அதில் ஒரு பங்கு இந்தியாவிலேயே தங்கிவிட்டது.

தங்கியது போதாமல் நாமும் வெளியிலிருந்து வாங்கப் போனோம் என்பது தனிக்கதை. 1948ல் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுதுபார்த்துப் புதுப்பித்த ராணுவ ஜீப்புகளுக்கு 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓட்ட லாயக்கில்லை என்று பெரிய ரகளை ஆயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று அதைச் சொல்வார்கள். அரசியலை விடுங்கள். 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் மேலுக்குப் பெயின்ட் அடித்து உள்ளே ஒன்றும் செய்யாமல் தள்ளிவிடுகிற வேலைக்கு எத்தனை வயது என்பதற்காகச் சொன்னேன்.

பட்டறை மேசைமேல் கிடந்த இன்ஜினுக்குரிய ஜீப்பின் சொந்தக்காரர் நெல் வியாபாரி. தாத்தா காலத்தில் ராணுவ டிஸ்போசலில் எடுத்த வண்டி. பெட்ரோல் விலை கட்டாமல் அப்பா காலத்தில் டீசல் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் பழைய ஜீப் பத்தில் ஒன்பதுக்கு இதுதான் கதி. கழற்றிய இன்ஜின் கிடங்கில் சாக்குமூட்டைக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. எடைக்குப் போடாமல் விட்டதற்குப் பாசம் காரணமா சோம்பல் காரணமா என்று கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்று சிரித்தார்.

இப்போது அதைத் தேடி எடுத்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 2021ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. 50 வயது தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்து, 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் வாங்கலாம். ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் மாட்டிய ஜீப்புக்கு அந்தக் கதவு சாத்தியதுதான். எண்பதுகளில் ஊரெல்லாம் புத்திசாலித்தனம் என்று செய்த வேலை இப்போது வண்டிக்கே வினையாகிவிட்டது.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஈ.எம்.ஈ. எனப்படும் ராணுவ மெக்கானிக் படையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பட்டறைக்கு வந்து போகிறார். பையன்கள் அவரை 'மிலிட்டரி தாத்தா' என்கிறார்கள். கையில் 'டி.எம். 9-1803ஏ' என்ற அமெரிக்க ராணுவக் கையேட்டின் நகல், ஓரமெல்லாம் கிரீஸ். மேஸ்திரிக்கு ஆங்கிலம் படிக்க வராது, பெரியவருக்கு முட்டி மடக்கி உட்கார முடியாது. ஒருவர் வாசிக்க ஒருவர் செய்கிறார். நடுவில் சண்டையும் உண்டு.

பெரிய சண்டை சிலிண்டர் பற்றியது. முன்பே பலமுறை போரிங் செய்து, ஓவர்சைஸ் 60 வரைக்கும் போய்விட்ட பிளாக். அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த சைஸுக்கு மேல் பிஸ்டன் கிடையாது. இன்னும் கடைந்தால் சுவரும் தாங்காது. வேறு பிளாக் தேடலாம் என்றார் சொந்தக்காரர். மேஸ்திரி ஒப்பவில்லை, எண் பொறித்த பிளாக் அதுதானே. ஸ்லீவ் போடுவது என்று முடிவாயிற்று.

ஸ்லீவ் என்றால் சிலிண்டருக்குள் இன்னொரு சிலிண்டர். இந்த இன்ஜினுக்கென்று ஸ்லீவ் கடையில் கிடைப்பதில்லை. அரைகுறையாகக் கடைந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் வேறு இன்ஜின்களுக்காக விற்கின்றன, உள்ளும் வெளியும் சதை மிச்சம் வைத்து. அதில் நாலு வாங்கி, அரிசி ஆலை ஷாஃப்ட் கடைகிற அதே லேத்தில் ஏற்றினார்கள். லேத்துக்காரர் நடுவயதுக்காரர், பேச்சே கிடையாது. வெளிவிட்டம் பிளாக்கின் துளையைவிட ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் இறுகும். கூடினால் பிளாக் வெடிக்கும், குறைந்தால் ஓடும்போது ஸ்லீவ் இறங்கும். அவர் கடைசிச் சீவலுக்கு முன் மிஷினை நிறுத்தினார். டீ வரவழைத்துக் குடித்தார். கடைந்த சூடு ஆறியபிறகு மைக்ரோமீட்டரை வைத்தார். சூட்டில் அளந்தால் இரும்பு விரிந்து பொய் சொல்லும் என்று பக்கத்தில் நின்ற பையன்தான் எனக்கு விளக்கினான். ஆறியபின் இன்னும் ஒரு சீவல், தூசி மாதிரி. அவ்வளவுதான்.

ஸ்லீவை வேலூரில் பிரஸ்ஸில் வைத்து இறக்கி, உள்ளே போரிங் செய்து, மறுபடி மூன்றே அரைக்கால் அங்குலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டாண்டர்டு சைஸ்.

அந்த சைஸில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1945ல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய கம்பெனி, குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே நிதியமைச்சரானதால் 1948ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றது. பிறகு வந்த மாடலில் 'ஹரிகேன்' என்ற இன்ஜின். அதில் காற்று உள்ளே வரும் வால்வைத் தலைக்கு மேல் கொண்டுபோனார்கள். இன்ஜின் உயர்ந்தது, அதனால் பானெட்டும் உயர்ந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற பழைய மஹிந்திரா ஜீப்பை நினைவிருப்பவர்களுக்கு அந்த உயர்ந்த மூக்கு நினைவிருக்கும். ஆனால் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் மாறவில்லை. ஆகவே போர்க்கால ஜீப்பின் பிஸ்டனுக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக் வைத்திருக்கிற கடைக்குப் போய், பெட்ரோல் மஹிந்திரா பிஸ்டன் ஸ்டாண்டர்டு என்று கேட்கத் தெரிந்தால் போதும். 'வில்லிஸ் 1943' என்று கேட்டால் கடைக்காரர் இல்லை என்பார், அல்லது விலையை மூன்று மடங்காக்குவார். இந்தத் தொழிலில் "பார்ட்ஸ் கெடைக்கல" என்ற புலம்பலில் பாதி, கேட்கத் தெரியாததால் வருகிறது என்று எனக்குப் படுகிறது.

மீதிப் பாதி நிஜம். டைமிங் செயின் அப்படி. போர்க்கால இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டுக்குச் செயின் போகும். போருக்குப் பிறகு அதைப் பல்சக்கரமாக மாற்றிவிட்டார்கள். சக்கரம் எளிதாகக் கிடைக்கும், அதையே மாட்டிவிடலாம் என்று சொந்தக்காரரின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பெரியவர் கையேட்டை மூடிவைத்துவிட்டு விரல்களால் காட்டினார். செயின் என்றால் இரண்டு ஷாஃப்டும் ஒரே பக்கம் சுற்றும். பல்லோடு பல் கோத்தால் கேம் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்புறம் கேம் ஷாஃப்ட் வேறு, அது ஓட்டுகிற ஆயில் பம்ப் வேறு, முன்தகடு வேறு. ஒன்றை மாற்றினால் நாலை மாற்ற வேண்டும். கடைசியில் செயின் மட்டும் அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்தது, சுங்க வரியோடு.

பின்பக்க ஆயில் சீல் கதை வேறு மாதிரி. கிராங்க்கின் பின்கோடியில் ஆயில் கசியாமல் இருக்க, அந்தக் காலத்தில் ரப்பர் சீல் இல்லை, கயிறுதான். ஆரணியில் அதே மாதிரி கிராஃபைட் பூசிய கயிறு தண்ணீர் பம்ப்பின் கிளாண்டுக்கு முழம் போட்டு விற்கிறது. மேஸ்திரி அதில் கனம் பார்த்து ஒன்றை எடுத்து ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டார். காலையில் காடிக்குள் வைத்து, வழவழப்பான உருளைக் கம்பியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டிக்கொண்டே போனார். விரலால் தடவினார், மறுபடி உருட்டினார். நுனியைப் பிளேடால் ஒரே வெட்டில் அறுத்தார். இரண்டாவது வெட்டு விழுந்தால் நார் பிரிந்துகொள்ளுமாம்.

நான் சும்மா இருக்கமாட்டாமல், அமெரிக்காவின் லைக்கமிங் விமான இன்ஜின்களில் கிராங்க்கேஸின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பட்டு நூலை வைத்துத்தான் இறுக்குகிறார்கள் என்று சொன்னேன். பட்டறையில் யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு பையன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான். "அப்ப கூலிய ஏத்தித் தரச் சொல்லு" என்று பதில் வந்தது.

கூலி பற்றி மேஸ்திரியும் பேசினார். ஒரு புது பைக்குக்கு சர்வீஸ் செய்தால் அன்றைக்கே காசு. இந்த இன்ஜினில் உட்கார்ந்தால் மாதக்கணக்கு. சொந்தக்காரர்கள் பாகத்துக்குக் கணக்குப் பார்க்காமல் தருவார்கள், உழைப்புக்குப் பேரம் பேசுவார்கள். இருக்கிற இரண்டு பையன்களில் ஒருவன் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். தறியை விட்டுப் போகிற பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள்.

பிஸ்டன் பூட்டிய அன்று பெரியவர் ஒரு ஸ்பிரிங் தராசோடு வந்தார். கையேட்டில் சொன்ன சோதனை: பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விடும்போது ஆயிரத்தில் மூன்று பங்கு கனமுள்ள ஃபீலர் தகட்டையும் பக்கத்தில் செருக வேண்டும். பிறகு தகட்டைத் தராசில் மாட்டி இழுக்க வேண்டும். 5 முதல் 10 பவுண்டு இழுவையில் வந்தால் இடைவெளி சரி. மேஸ்திரி தராசைத் தொடவில்லை. கையாலேயே தகட்டை இழுத்து, "ஏழு" என்றார். பெரியவர் தராசில் இழுத்தார். முள் ஏழைத் தாண்டி எட்டுக்கு முன்னால் நின்றது. நாலாவது சிலிண்டரில் மட்டும் இரண்டு பேர் கணக்கும் ஒத்துவரவில்லை. ஹோனிங் கல்லைப் போட்டு இன்னும் கொஞ்சம் தேய்த்த பிறகு பெரியவர் சமாதானமானார்.

ஸ்டார்ட் செய்தபோது சந்தடி அதிகமில்லை. ஆறு வோல்ட் பேட்டரி மெதுவாகத்தான் சுற்றும். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினார் மேஸ்திரி. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. ஆயில் மீட்டர் முள் நாற்பதைத் தொட்டதும் எல்லோரும் பின்பக்கம் குனிந்து பார்த்தார்கள். கயிறு கசியவில்லை.

இப்போதைக்கு வண்டி பாதி வேகத்தில்தான் ஓடலாம், ரிங் படியும்வரை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை பாக்கி. பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம்தான் மேஸ்திரிக்கு இப்போது தலைவலி. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. புதுப்பேட்டையில் வாங்கியதும் ஊறி உப்பிவிட்டது. வேறு ரப்பர் ஷீட்டில் துண்டுகள் வெட்டி, பெட்ரோல் ஊற்றிய பாட்டில்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறார்.