42 பேரில் மூவர் எங்கே?



தரம் 10 தவணைப் பரீட்சைப் புள்ளிகளை இம்முறை நாங்கள் கையால் கூட்டவில்லை. பைத்தனில் ஒரு பைப்லைன் எழுதினோம். புள்ளிகளை எண்ணாக மாற்ற ஒரு பங்ஷன், வெற்று நிரைகளை நீக்க ஒன்று, சராசரி எடுக்க ஒன்று, 40க்குக் குறைந்தவர்களைப் பிரிக்க ஒன்று. ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். இரண்டு நாள் வேலை நொடியில் முடிந்தது. மேலதிக வகுப்புப் பட்டியலை ஒட்டிவிட்டோம்.

மறுநாள் ஒரு உம்மா வந்தா. "சேர், மகன்ட பேர் இல்லையே, பாஸா?"

பாஸில்லை. காய்ச்சலால் கணிதப் பரீட்சைக்கு வராத பிள்ளை. 'ஏபி' என்று போட்டிருந்தோம். முதல் பங்ஷன் அதை வெற்றிடமாக்கியது. இரண்டாவதுக்கு ஒரு கட்டம் வெறுமையானாலே போதும், முழு நிரையையும் தூக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சராசரிப் படிக்கு 39 பேர்தான் போயிருந்தார்கள்.

ஒவ்வொரு பங்ஷனும் சொன்னதைத்தான் செய்தது. கோர்த்த விதம் பிழை. அது எங்கள் பிழை.

இப்போது எண்ணாக மாற்ற முன்னரே 'ஏபி'யைத் தனி நிரலில் குறிக்கிறோம். நீக்கும் படியை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு படிக்குப் பின்னும் எத்தனை பேர் என்று அச்சிடுகிறோம். சுற்றுலாவில் பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணுவோமே, அதேதான்.

மூவரும் இப்போது வகுப்புக்கு வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லாவிட்டால், கூச்சப்படாமல் வந்து கேளுங்கள்.