கறவாத காலத்துப் பணிவிடை

கறவைப் பசுவைப் பேணாத வீடு நாட்டுப்புறத்தில் இல்லை. காலையும் மாலையும் செம்பு நிறைகிறதல்லவா! அதற்குத் தவிடும் உண்டு, பிண்ணாக்கும் உண்டு, பருத்திக்கொட்டையும் உண்டு. அதே தொழுவத்தின் மூலையில் நிற்கும் கிடாரிக்கோ, கறவை தின்று கழித்த வைக்கோலே கதி. இன்று எதையும் தராத உயிருக்குச் செலவு எதற்கு என்பது பலருடைய கணக்கு. ஆனால் நாளை அது தரப்போகும் பாலின் பெரும்பகுதி, எதையும் தராத அந்த இரண்டரை ஆண்டுகளில் நாம் இடும் தீனியாலும், நம் கை அதன்மேல் படும் விதத்தாலுமே முடிவாகிறது. இந்த உண்மையை எங்கள் வீட்டுக் கிடாரியிடமிருந்தே நாங்கள் கற்றோம்.

நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் பூப்பறிக்கும் கூலியே எங்கள் வருவாய். மகளிர் குழுவில் கடன் பெற்று, 2021ஆம் ஆண்டு தை மாத இறுதியில், மணப்பாறைச் சந்தையில் ஜெர்சி கலப்பினக் கிடாரி ஒன்றை வாங்கினோம். வயது பத்து மாதம்; செவலை நிறம்; நேரான முதுகு. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய தரகர், சுழி சுத்தம் என்று உறுதி கூறினார். ஆனால் அதன் உள்ளத்தில் இருந்த அச்சத்தை எந்தச் சுழி காட்டும்? பின்தொடையில் பழைய தழும்பொன்று இருந்தது. யார் கை உயர்த்தினாலும் மிரண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு சுழலும். அருகே சென்றால் உதைக்கும்.

மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்து நாலு போடு போட்டால் தானே அடங்கும் என்றனர் சிலர். மாடுகளோடே வாழ்ந்து முதிர்ந்த அண்டை வீட்டுப் பெரியவரோ, “பயந்த மாட்டை அடிச்சா பயந்தான் தாயி வளரும், பாலு வளராது” என்றார். அவர் சொற்படியே நடந்தோம்.

முதல் வாரம் நாங்கள் அதைத் தொடவேயில்லை. மாலைதோறும் தொழுவத்தில் முக்காலியைப் போட்டு அமர்ந்து, மெல்லப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாம் வாரம், நீட்டிய கையிலிருந்து அகத்திக்கீரை தின்றது. மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து செல்லாமல், தோள்பக்கமாகக் குரல் கொடுத்தே அணுகினோம். முதலில் கழுத்துக்கு அடியில் தொங்கும் தாடியைச் சொறிந்தோம், பிறகு முதுகு, பிறகு வால் அடி. வைக்கோல் பிரியால் உடல் முழுவதும் தேய்த்துவிட மூன்று மாதங்கள் சென்றன. எங்கள் இளைய மகள் அதற்குச் சிட்டு என்று பெயரிட்டாள்.

பெயரிடுவது பிள்ளை விளையாட்டன்று. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 516 பண்ணையாளர்களிடம் கேட்டறிந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, பசுக்களைப் பெயரிட்டு அழைக்கும் பண்ணைகளில், பசுவொன்றுக்கு ஆண்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதலாகக் கிடைத்தது. பெயரா பால் சுரக்கிறது? பெயர் சொல்லி அழைப்பவர் அதைத் தனியே உற்று நோக்குகிறார். அந்தக் கவனிப்பே பலன் தருகிறது என்று கொள்ளலாம்.

அன்பு மட்டும் வயிற்றை நிரப்பாது. வரப்பில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டோம். பசும்புல்லுடன் நாள்தோறும் ஒரு கிலோ அடர்தீவனம் கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி. உண்ணி ஏறாதபடி தொழுவத்தைக் காய்ந்த தரையாக வைத்தோம். கலப்பினக் கிடாரிக்கு வயதைவிட எடையே முக்கியம். போதிய எடை வராமல் சினையாக்கினால் தாயும் நலியும், கன்றும் நலியும் என்று கால்நடை மருத்துவர் அறிவுறுத்தினார்.

ஐப்பசியில் சிட்டு முதன்முதலாகச் சினைக்குக் கத்தியது. கண்ணாடி போன்ற கோழை வடிந்தது. காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும் என்பது விதி. அவ்வாறே போட்டோம், தரிக்கவில்லை. அடைமழை, பூ இல்லை, கூலியும் இல்லை. குழுவின் தவணை மட்டும் தவறாமல் வந்தது. மாட்டு வியாபாரி ஒருவர் வாசலில் நின்று, “சும்மா நிக்கிற மாட்டுக்கு இன்னும் எத்தனை நாளைக்குத் தீனி போடுவீங்க?” என்று கேட்டார். அவர் சொன்ன விலை, நாங்கள் கொடுத்ததிலும் குறைவு. அவ்விரவு எங்களுக்கு உறக்கமில்லை. விற்றால் தவணை தீரும். ஆனால் ஒன்பது மாதங்களாகக் கையை நம்பக் கற்ற உயிரை, யார் கைக்கு அனுப்புகிறோம் என்றறியாமல் எப்படி அனுப்புவது? காதிலிருந்த தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டினோம். இருபத்தொரு நாள் கழித்து மீண்டும் கத்தியது. இரண்டாம் ஊசி தரித்தது.

சினைக்காலத்தின் இறுதி இரண்டு மாதங்களில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். நாள்தோறும் மடியையும் காம்பையும் கையால் தடவிப் பழக்கினோம், ஆயினும் கறக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணி முதல் வாரத்தில், நள்ளிரவு கடந்து பெண்கன்று ஈன்றது. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திராமல், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கன்றுக்குச் சீம்பால் ஊட்டினோம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் தலையீற்றுப் பசுவிடம் கறக்க அமர்ந்தோம். பின்னங்காலைக் கட்டும் கயிறு ஆணியிலேயே தொங்கியது. கன்று முட்டியதும் மடி இளகியது. சிட்டு அசை போட்டபடி நின்றது. மடியிலுள்ள பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு, காம்பு தூண்டப்பட்டதும் சில நிமிடங்களே வேலை செய்கிறது. பசு மிரண்டால் அட்ரினலின் எழுந்து அதைத் தடுத்துவிடும். ஆகவே அச்சுறுத்திக் கறப்பவனுக்குப் பசு பாலை ஒளிக்கிறது என்பது வெறும் பேச்சன்று, உடலின் நியதி. சில வாரங்களில் நாளொன்றுக்கு எட்டு லிட்டர் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றது. அடுத்த ஆண்டிலேயே தோடு திரும்பியது, கடனும் தீர்ந்தது.

வாசக அன்பர்களே, உங்கள் தொழுவத்தின் மூலையிலும் கிடாரி ஒன்று நிற்கக்கூடும். இன்று மாலை கறவைக்குத் தீனி வைத்த பின், கைப்பிடி பசும்புல்லுடன் அதனருகே சற்று நேரம் நில்லுங்கள். அதன் தாடியைச் சொறிந்துவிடுங்கள். பால் நாளை வரும். பழக்கம் இன்றே தொடங்க வேண்டும்.