1945-இன் கீழ் ஒரு கோடு

சித்தூர் பஸ் ஸ்டாண்ட். காலை ஐந்தேமுக்கால். திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு போதகர். மடியில் ரெக்சின் பை. பைக்குள் வேதாகமம், கண்ணாடிக் கூடு, நாற்பது பக்க நோட்டு.

பக்கத்தில் ஒரு பெண். மடியில் சுருள்முடிக் குழந்தை. இன்று மொட்டை. குழந்தையின் முடியை அவள் விரலால் கோதிக்கொண்டே இருக்கிறாள்.

பூதலப்பட்டு. சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள் பூவெடுத்து நிற்கின்றன. சந்திரகிரிக் கோட்டை வருகிறது, போகிறது. அப்புறம் மலை. பஸ்ஸில் பாதிப் பேர் கைகூப்புகிறார்கள். போதகர் கால்களை ஒடுக்கிக்கொண்டு பெண்ணுக்கும் குழந்தைக்கும் இறங்க வழிவிடுகிறார்.

தலைமைத்துவ மாநாடு. பேனரில் தெலுங்கு பெரிதாக, ஆங்கிலம் சிறிதாக. வாசலில் மேசை. பெயர் அட்டை, பேனா, ஃபைல். நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் இரண்டு வரிசைக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. போதகர் மூன்றாம் வரிசையில் உட்காருகிறார்.

முதல் பேச்சாளர். லேப்டாப், புரொஜெக்டர், வட்டங்கள், அம்புக்குறிகள். இலக்கு, திட்டம், நேரம். பேச்சு தெலுங்கில். போதகரின் நோட்டில் அது தமிழாக இறங்குகிறது. பதினொரு குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வட்டமிடுகிறார்.

தேநீர் இடைவேளை. பேப்பர் கப். பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார்.

"சித்தூர் வந்து எத்தனை வருஷம் ஆச்சுங்கய்யா?"

"நாலு முடியப்போகுது. மே மாசம் மாத்திடுவாங்க."

"அப்போ புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கலையா?"

"இனிமே எங்க ஐயா."

கப்பை நசுக்கித் தொட்டியில் போடுகிறார்.

இரண்டாவது பேச்சாளர் ஓய்வுபெற்ற குருவானவர். வயது எண்பதைத் தொடும். லேப்டாப் இல்லை. கரும்பலகை கேட்கிறார். கிடைக்கச் சற்று நேரமாகிறது. நின்றபடியே காத்திருக்கிறார். வந்ததும் நான்கு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறார். 1910. 1919. 1945. 1947. சுண்ணாம்புத் தூள் சட்டைக் கையில் உதிர்கிறது.

1910. எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசுகிறார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர். வெளிநாட்டு மிஷனெரிகளிடம் அவர் கேட்பது நட்பு. பணமல்ல. இரண்டு வருடம் கழித்து தோர்ணக்கல் பேராயர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். தெலுங்கு படித்துத் தெலுங்கர் நடுவில் வாழ்ந்த தமிழர். மூன்றாம் வரிசையில் பேனா ஒரு கணம் நிற்கிறது.

1919. மே 1, 2. தரங்கம்பாடி. 33 பேர் கூடுகிறார்கள். இருவர் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் பக்கம் அசரியா, தென்னிந்திய ஐக்கிய சபைப் பக்கம் சந்தியாகு. ஒரே கர்த்தரைச் சொல்லிக்கொண்டு தனித்தனிப் பந்தியில் உட்காருவது இனிமேல் முடியாது என்கிறார்கள். சித்தூரில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் நட்ட சபைகள் அப்போது ஐக்கிய சபையில் இருந்தவை. அதைச் சொல்லும்போது முதியவர் சித்தூர்க்காரர்களைத் தேடிப் பார்க்கிறார். நான்கு கைகள் உயர்கின்றன.

1947. செப்டம்பர் 27. சென்னை, புனித ஜார்ஜ் பேராலயம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை. தரங்கம்பாடியிலிருந்து 28 வருடம்.

தாண்டிப்போன எண்ணுக்குச் சாக்பீஸ் திரும்புகிறது. 1945, ஜனவரி 1. அசரியா இறந்த நாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு முதியவர் உட்காருகிறார். மின்விசிறிகள் மட்டும் சுற்றுகின்றன. கைதட்டல் தாமதமாக வருகிறது.

போதகரின் நோட்டில் நான்கு எண்கள். வட்டம் இல்லை. 1945-இன் கீழ் ஒரு கோடு. அதன்மேல் இன்னொரு கோடு.

சாப்பாட்டு வரிசை. பப்பு, கோங்கூரா, தயிர். பரிமாறும் பையன் திருமலை வழக்கத்தில் "ஜருகண்டி, ஜருகண்டி" என்கிறான். வரிசை சிரிக்கிறது, நகர்கிறது. போதகர்களுக்குத் தனி மேசை. அதை நோக்கி நடந்த சித்தூர் போதகர் நடுவழியில் நிற்கிறார். முதியவர் தட்டோடு வரிசையின் கடைசியில் நிற்கிறார். யாரோ முன்னால் அழைக்கிறார்கள். தலையசைத்து மறுக்கிறார். சித்தூர் போதகர் திரும்பி வந்து அவருக்குப் பின்னால் நிற்கிறார்.

மாலை. சான்றிதழ், குழுப்படம், பஸ். திரும்பும் பஸ்ஸில் சந்தனம் பூசிய தலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. மேலே கம்பியில் லட்டுப் பைகள் ஆடுகின்றன. போதகர் தூங்கவில்லை. பை திறந்திருக்கிறது, நோட்டு மூடியிருக்கிறது.

ஞாயிறு. தமிழ் ஆராதனை ஏழு மணி. தெலுங்கு ஆராதனை ஒன்பதரை. ஒரே ஆலயம், ஒரே மணி, ஒரே கேட். எட்டரைக்குத் தமிழ்ச் சபை வெளியே வரும். "ஸ்தோத்திரம் ஐயா." பைக்குகள் கிளம்பும். ஒன்பதுக்குத் தெலுங்குச் சபை வரும். "வந்தனாலு அய்யகாரு." பைக்குகள் நிற்கும். நடுவே அரை மணி நேரம் முற்றத்தில் காகங்கள்தான்.

இன்று முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்ச். ஞாயிறு பள்ளி அறையிலிருந்து கோயில்பிள்ளையும் போதகரும் தூக்கி வந்தது. பெஞ்சின்மேல் தேநீர்க் கேன். இருபது எவர்சில்வர் டம்ளர்கள்.

முதல் ஞாயிறு மூன்று டம்ளர்கள் நனைகின்றன. போதகர், கோயில்பிள்ளை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டி. மீதித் தேநீர் வேப்பமரத்தின் வேருக்குப் போகிறது.

இரண்டாம் ஞாயிறு மழை.

மூன்றாம் ஞாயிறு ஒரு தெலுங்கு ஆசிரியர் சீக்கிரம் வந்துவிடுகிறார். பாட்டிக்குத் தெலுங்கு தெரியும். சித்தூரில் யாருக்குத் தெரியாது? இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறார்கள். எண்ணெயின் பெயர் கைமாறுகிறது. போதகர் நடுவில் பேசவில்லை. டம்ளர் நிரப்புகிறார்.

நான்காம் ஞாயிறு ஏழு டம்ளர்கள். பாட்டி பெஞ்சின் ஓரத்தில் ஒரு துண்டைப் போட்டு யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

புதன்கிழமை சபைக் குழுக் கூட்டம். வெள்ளையடிப்பு, மைக் செட், கல்லறைத் தோட்டச் சுவர். கடைசியில் பொருளாளர் வரும் ஆண்டின் செலவுத் திட்டத்தைப் போதகர் பக்கம் நகர்த்துகிறார். போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். பேனாவைத் திறந்து, அடியில் ஒரு வரி சேர்க்கிறார்.

தேநீர், சர்க்கரை, பால்: ஜூன் முதல் மார்ச் வரை.