தாதியர் சங்கத்து ஆண்டறிக்கை

ஆண்டுதோறும் மே மாதம் 12-ஆம் தேதி கழிந்த சில வாரங்களில் என் தமக்கையார் வீட்டிற்கு ஒரு மெல்லிய புத்தகம் வந்து சேரும். 1820-இல் அத்தேதியில்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்தார். ஆகவே உலகத் தாதியர் அந்நாளைத் தம் நாளாகக் கொண்டாடுகின்றனர். சிலாங்கூரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் தாதியர் சங்கம் வெளியிடும் ஆண்டறிக்கை அது. அக்காளின் மகள் அச்சங்கத்தின் காரியதரிசி. அக்காளுக்கு வயது 79, பார்வை மங்கிவிட்டது. மலாய் மொழியிலுள்ள அறிக்கையைத் தமிழில் படித்துச் சொல்வது என் கடமையாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதற் பக்கங்களில் கொட்டாவி வரும். கேக்கு வெட்டும் படங்களும், ஓய்வு பெற்றோருக்கு மாலையிடும் படங்களுமே அங்கு மிகுதி. பின்னால், ஒரு மூலையில், வீடு தேடிச் சென்று செய்த சிகிச்சைகளைப் பற்றி அரைப் பக்கம் இருக்கும். என் கையில் அதிகாரமிருந்தால் படங்களை நீக்கி அந்த அரைப் பக்கத்தைப் பத்துப் பக்கமாக்குவேன்.

ஏனெனில், தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம்மவர் அடுக்குமாடி வீடுகளிற் குடியேறிவிட்டனர். தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸரும் லயத்தோடு போயினர். அரசாங்க மருத்துவ நிலையத்தில் ஒரு ரிங்கிட்டுக்கு வைத்தியம் கிடைக்கும். ஆனால் நடக்கவியலாத கிழவியை நாலாம் மாடியிலிருந்து இறக்கி அங்கே கொண்டு செல்வது யார்? நீரிழிவினால் பாதம் மரத்துவிட்டவர்க்கு முள் தைத்தாலும் தெரியாது. புண் அழுகி நாற்றமெடுத்த பின்னரே தெரியும். வீட்டிற்கு வரும் தாதி முதலிற் குனிந்து கால் விரல்களின் இடுக்கைத்தான் பார்க்கிறாள். அவள் ஒருமுறை குனிவதால் ஒரு கால் தப்புகிறது. 1950-இல் மலாயாவில் லட்சம் பிரசவங்களுக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அக்கொடுமை குறைந்ததற்கும், வீடு வீடாய்ச் சென்ற மருத்துவச்சித் தாதியரின் கால்நடை ஒரு பெருங் காரணம்.

இத்தனை மேன்மையுள்ள தொழிலை நம்மவர் எப்படி மதித்தனர்? அந்நியர் வீட்டுக் கதை வேண்டாம். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

1964-இல் அக்காள் மூன்றாம் பாரம் தேறியிருந்தாள். துணைத் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களென்று தோட்டத்து டிரஸர் ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் தந்தையார் தண்டல். வாய்ச்சொல் தவறாதவர், சாதிப் பெருமையும் தவறாதவர். "கண்ட சாதிக்காரன் மலம் அள்ளவா பெண்ணைப் பெற்றேன்?" என்று அந்தப் பாரத்தை அடுப்பிலிட்டார். அக்காள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்பொழுது எனக்கு வயது 11 என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். அவள் மறுமாதமே ஆயாக்கொட்டகையில் வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் பட்டணத்தில் படித்தேன்.

1987-இல் தந்தையார் பாரிசவாயுவினால் விழுந்தார். ஆஸ்பத்திரியில் 19 நாள் கிடந்தார். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவளும், அவர் மலசலம் எடுத்தவளும் ஒரு தமிழ்ப் பெண். ஓரிரவு, குழறிய நாவினால், "எந்தத் தோட்டத்துப் பிள்ளையம்மா நீ?" என்று அவளைக் கேட்டார். அவள் சொன்னாள். அடுத்த கேள்வி வருமென்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், வரவில்லை. விடியற்காலையில் அக்காளின் மணிக்கட்டைப் பற்றி, "அந்தக் காகிதம்..." என்றார். பின்பு பேச்சில்லை. மருந்துச் சீட்டைத்தான் கேட்டாரென்று அக்காள் இன்றும் சாதிக்கிறாள். நான் அவ்வாறு எண்ணவில்லை.

மூன்று வருஷங் கழித்து அவள் மகள் பயிற்சிக்குப் போனாள்.

இவ்வாண்டு அறிக்கையில் எனக்கொரு குறை உண்டு. 2024-இல், வார்டுத் தாதியரின் வேலையை வாரத்துக்கு 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்த அரசாங்கம் முனைந்ததும், தாதியர் எதிர்த்து முறையிட்டதும் நாடறிந்த செய்தி. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியுமில்லை. சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விட்ட தாதியரைப் பற்றியும் இல்லை. கேக்கு மட்டும் இருக்கிறது. அக்காள் மகளிடம் கேட்டேன். "எல்லாவற்றையும் அச்சில் போட முடியுமா, மாமா?" என்று சிரித்தாள்.

அக்காளுக்கு இவையெல்லாம் பொருட்டல்ல. கடைசிப் பக்கத்தில் புதிதாய்ச் சேர்ந்தோரின் பெயர்கள் இருக்கும். அதற்காகவே அவள் காத்திருப்பாள். நான் மெதுவாய்ப் படிக்க வேண்டும். தமிழ்ப் பெயர் வந்தால் ஒரு விரலை மடக்குவாள். இம்முறை மூன்றாம் விரலை மடக்கியவள், படிப்பதை நிறுத்தச் சொல்லி, "அது எந்தத் தோட்டத்துப் பிள்ளை, தம்பி?" என்றாள்.

அறிக்கையில் அது இல்லை. மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். அவள் இரவு வேலையிலிருந்தாள். விடியும் வரை எடுக்கவில்லை.